இல்லாத பெரியப்பாவின் சாவு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மதீசன் தன் அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தபோது நம்மில் பலர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டோம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்.

ஈப்போ கேனிங் கார்டனில் இருக்கும் சரோஜாதேவி தன் மகள் ரஜிதாவை, டன்பார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ராமையாவின் மகன் பவித்ரனுக்குக் கொடுப்பாரா மாட்டாரா என்பதுதான் இத்தனை வாரமாக அந்த வீட்டில் வழக்கு. பவித்ரன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். நல்ல வேலை, நல்ல குணம். ஆனால் "தோட்டத்துப் பொடியன்" என்ற ஒரே சொல்லில் சரோஜாதேவி அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

அம்மாவை எதிர்த்து நின்றவன் மதீசன். அப்பா போன பிறகு அந்த வீட்டுக்குத் தலை அவன்தான். தொழில் வக்கீல். போலீஸ் பிடித்துக்கொண்டு போன தோட்டத்துப் பையன்களுக்காக வலியப் போய் வாதாடுகிறவன். ஊரில் அவனைப் பற்றி நல்லதாக நாலு பேர் சொல்லும்போது வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவான், ஆனால் இடத்தை விட்டு நகர மாட்டான். தனக்குள் ஏற்றத்தாழ்வு பார்க்கும் புத்தி துளியும் கிடையாது என்பதில் அவனுக்கு அப்படியொரு நம்பிக்கை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பொன்னுருக்கு நாள்.

யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பங்களில் இது முக்கியமான சடங்கு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். அங்கே ஆசாரி தாலிக்கான பொன்னை எல்லார் கண்முன்னாலும் உருக்குவார். ராமையா வீட்டில் இப்படி ஒரு பழக்கமே இல்லை. "பொண்ணு வீட்டு மொறன்னா செஞ்சிருவோம்லா, அதுல என்ன இருக்கு" என்று அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, சிம்மோரில் இருக்கும் தன் சின்ன வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, மாவிலை கட்டிக் காத்திருந்தார்.

கூடத்தில் தாம்பாளம் தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், நடுவில் சிவப்புப் பட்டுத் துணியில் பொற்காசு. மதீசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. தைப்பிங்கிலிருந்து மாமா மகன் விக்னேஸ்வரன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "இதுதானா உங்க மாப்பிள்ளை?"

ஒரு சவ ஊர்வலம். நாலு பேர் பெட்டியைத் தோளில் சுமந்து வருகிறார்கள். பின்னால் கறுப்புச் சட்டை போட்ட கூட்டம், சட்டையில் எண். எந்த எண் எந்தக் கும்பலுடையது என்பது அங்கே பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். செத்தவன் தர்மா. அந்த வாரம் வெட்டுப்பட்டுச் செத்ததாகப் பத்திரிகையில் பெரிதாக வந்தவன்.

பெட்டியை முன்னால் இடது பக்கம் சுமந்து வந்தவன் பவித்ரன்.

மதீசன் நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அதே முகம், அதே மூக்குக் கண்ணாடி. மதீசன் வீட்டு வழக்கத்தில் பெட்டிக்குத் தோள் கொடுப்பது இரத்த சொந்தம் மட்டும்தான். அப்பாவைத் தூக்கியது அவனும் சித்தப்பாக்களும். அந்நியர் யாரும் கை வைக்கவில்லை. அப்படியானால் பவித்ரன் அந்தக் கும்பலுக்கு யார்? முன்னால் நிற்கிற அளவுக்கு என்ன நெருக்கம்? யோசிக்க யோசிக்க அவனுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. பவித்ரன் அதிகம் பேசாதது, தோட்டத்துக் கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்பியது, எல்லாமே.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பையன்தானே. கேட்கவில்லை. நேராக ராமையாவைக் கூப்பிட்டான். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"மன்னிக்கணும். இன்னைக்கு வர முடியாது. தைப்பிங்ல எங்க பெரியப்பா ஒருத்தர் தவறிட்டார். எங்களுக்குத் துடக்கு, தீட்டு இருக்கு. பொன்னுருக்கு இப்ப வேண்டாம்."

அப்படி ஒரு பெரியப்பா அவனுக்குக் கிடையாது. இல்லாத மனிதரை அந்த நிமிடமே பிறப்பித்துக் கொன்றும் போட்டான்.

அந்தப் பக்கம் ராமையா, "அய்யோ, என்னா தம்பி இப்படி. சரி சரி, நீங்க மனச விட்டுறாதீங்க. ஆசாரிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. மதீசன் போனை வைத்துவிட்டான்.

பூசையறையிலிருந்து வந்த சரோஜாதேவி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மூன்று தலைமுறையாக ஈப்போவில் இருந்தும் அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு மாறவில்லை. பிள்ளைகளிடம்தான் அது தங்கவில்லை.

"எந்தப் பெரியப்பா செத்தது?"

மதீசன் படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். சொன்னேனே என்று அம்மா குதிக்கப் போகிறார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் குதிக்கவில்லை.

"நீ அந்தப் பொடியனிட்ட கேட்டனியா?"

"என்னத்த கேக்கிறது? படத்துலதான் தெரியுதே."

"எனக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கேல்லைத்தான். அதை அந்தாளின்ர முகத்துக்கு நேர சொன்னனான். நீ ஏன் மகன் ஒளிச்சு விளையாடுறாய்?"

"இப்ப நீங்க கேட்டதுதானே நடக்குது. பிறகு என்னம்மா?"

"நான் கேட்டது இதில்லை" என்றார் அம்மா.

மாடியிலிருந்து ரஜிதா இறங்கி வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் காயவில்லை. பொன்னுருக்குக்குப் பெண் போவதில்லை. ஆனாலும் புடவை கட்டியிருந்தாள். அவளிடம் மறைக்க முடியாது. மதீசன் போனை நீட்டினான்.

"தெரியும்ணா. நான்தான் போகச் சொன்னேன்" என்றாள் அவள்.

"நீயா?"

"முந்தாநாள் எனக்குப் போன் பண்ணாரு. பொன்னுருக்குக்கு முதல் நாளா போச்சு, சாவு வீட்டுக்குப் போனா அம்மா சங்கடப்படுவாங்களோன்னு கேட்டாரு. போய்ட்டு வாங்கன்னு சொன்னேன். அவரும் தர்மாவும் தோட்டத்துல ஒரே லயத்து வரிசை வீட்டுல பிறந்தவங்க."

"போய் கும்பிட்டுட்டு வரலாம். தோள் கொடுப்பானா? நம்ம அப்பாவ வெளியாள் யாராச்சும் தூக்கினாங்களா?"

"அவங்க ஊர்ல எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது.

"போன மாசம் ஒரு பையனுக்காகப் பேசினியே" என்று ரஜிதா மெதுவாகத்தான் கேட்டாள். "கூட்டத்தோட நின்னு படம் எடுத்துக்கிட்டான்னு பிடிச்சு வச்சாங்கன்னு. ஒரு படத்துல நிக்கிறது குத்தம் ஆகாதுன்னு கோர்ட்ல சொன்னேன்னு இங்க வந்து எங்களுக்குப் பேசிக்கூடக் காட்டினே."

"அது கோர்ட். இது நம்ம வீடு."

சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று அவன் காதிலேயே விழுந்தது. ரஜிதா போனை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தமும், பிறகு அவள் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவதும் கேட்டது.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. தாம்பாளம் கூடத்திலேயே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க மூன்று பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை.

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் ராமையா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவருக்குப் பின்னால் அவர் வயதை ஒட்டிய மூன்று பேர், அதே மாதிரி வேட்டி துண்டோடு. ஒருவர் கையில் சீனியும் காப்பித் தூளும் பால் டின்னும் வைத்த பிளாஸ்டிக் பை. வேனை ஓட்டி வந்த பவித்ரன் மட்டும் இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

ராமையா மதீசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காய்ப்பு காய்த்த கைகள்.

"கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல தம்பி. உங்க வீட்டுத் துக்கம்னா எங்களுக்கும் துக்கம்தானே. எங்க வச்சிருக்காங்க?"

வாசலில் பந்தல் இல்லை. வாடகை நாற்காலி இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே ஒரு பதிலும் கண்டுபிடித்துக்கொண்டார்.

"ஓ, தைப்பிங்லயே எடுக்கிறாங்களா?"

"ஆமா" என்றான் மதீசன். வேறு என்ன சொல்வது?

"அப்ப நாங்க அங்க போறோம். வேன் இருக்கு. இவங்க எல்லாம் எங்க பழைய லயத்து ஆளுங்க. டவுன்ல இப்பல்லாம் தூக்க ஆளு கெடைக்காம உருட்டு வண்டியில தள்ளிட்டுப் போறாங்க, பார்க்கவே பாவமா இருக்குலா. அதான் ஆள் கூட்டிட்டு வந்தேன். உங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னா நாங்க நாலு பேரும் ஒரு தோள் குடுக்கிறோம்."

காலையிலிருந்து மதீசன் தேடிக்கொண்டிருந்த பதில் வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. இவர்களுக்குப் பெட்டி தூக்க இரத்த சொந்தம் வேண்டியதில்லை. பார்த்தே இராத ஒரு மனிதருக்கு, பிறக்கவே பிறக்காத ஒரு மனிதருக்கு, அவர்கள் தோளோடு வந்திருந்தார்கள்.

"எடுத்தாச்சுங்க" என்றான்.

"எடுத்தாச்சா." ராமையாவின் தோள் இறங்கியது. பின்னால் திரும்பி, "பிந்திட்டோம்பா" என்றார். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உள்ளே சரோஜாதேவி கூடத்தில் நின்றிருந்தார். வாசல் பேச்சு முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. ராமையா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் அவர் துவாய்த் துண்டு ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தின் மேல் போட்டு மூடினார். இத்தனை வாரத்தில் ராமையா அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"மனச தேத்திக்குங்கம்மா" என்று அவர் கைகூப்பினார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார்.

சரோஜாதேவி குனிந்து அந்தப் பையைத் தன் கையால் எடுத்து மேசைமேல் வைத்தார். "இருங்கோ அண்ணை" என்றார். அப்படி அவர் கூப்பிட்டதும் முதல் தடவைதான்.

ராமையா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துக்க வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஏதாவது பேசத்தானே வேண்டும். அவர் தனக்குத் தெரிந்த இன்னொரு சாவைப் பேசினார்.

"நேத்துதாம்மா எங்க லயத்துப் பையன் ஒருத்தன எடுத்தோம். தர்மான்னு. கெட்ட சகவாசம், கொன்னு போட்டுட்டானுங்க. தோட்டம் வித்து லயத்த இடிச்சு எவ்வளவோ வருஷமாச்சு. ஆளுங்க திக்குக்கு ஒண்ணா போயாச்சு. ஆனா ஒரு சாவுன்னா வந்துருவோம். லயத்துல பிறந்தவன லயத்து ஆளுங்கதான் தூக்கணும், அது எங்க மொற. நேத்து அந்தக் கறுப்புச் சட்டக்காரனுங்க விடல. பெட்டி மேல அவனுங்க கொடியப் போத்திட்டு, நாங்கதான் தூக்குவோம்னு நின்னானுங்க."

சரோஜாதேவி மகனைப் பார்த்தார். மதீசன் சுவரைப் பார்த்தான்.

"தர்மாவோட அம்மா பெட்டி மேலயே விழுந்துருச்சு. உங்களுக்கு எம்புள்ளைய குடுத்தது போதும்டா, லயத்துப் புள்ளைங்க தூக்கட்டும்னு ஒரே அழுகை. அவனுங்க முன்னுக்கு யாரும்மா போவா? போலீஸே தூரமா நின்னுச்சு. எம்மவன்தான் போனான். அந்தக் கொடிய மடிச்சு அவனுங்க கையிலயே குடுத்துட்டு, பெட்டியில தோள வச்சுட்டான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. கல்யாணம் வச்சிருக்கிற புள்ள, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

சரோஜாதேவி அழத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். இறந்துபோன பெரியவரை நினைத்து அழுகிறார் என்று ராமையா நினைத்தார். "அழுதுருங்கம்மா, அழுதா கொறையும்" என்றார். அதைக் கேட்டு அவருக்கு அழுகை இன்னும் கூடிற்று.

மதீசனால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தான்.

கேட்டுக்கு அப்பால் பவித்ரன் வேனில் சாய்ந்து நின்றிருந்தான். இடது தோளை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தான். நேற்றுச் சுமந்த வலி போலும்.

"உள்ள வாங்க பவித்ரன்."

"வேணாம் சார்."

மச்சான் போய் சார் வந்திருந்தது.

"ரஜி எனக்குப் போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டா" என்றான் பவித்ரன். "அப்பா அதுக்குள்ள ஆள் சேர்த்துட்டாரு. போக வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு நான் எப்படி சொல்றது? உன் மவன ரவுடின்னு நெனச்சுட்டாங்க, சாவே இல்லன்னு சொல்லவா? அதான் ஓட்டிட்டு வந்துட்டேன்."

"உங்க அப்பா கொடி விஷயம் சொன்னார். நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான். நீங்க இப்படிச் செஞ்சீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா என்னை மன்னிச்சு விட்டிருப்பீங்க."

மதீசன் தலையாட்டினான்.

"கொடியே இல்லாட்டியும் நான் தூக்கியிருப்பேன் சார்." பவித்ரன் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் மதீசனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எங்க அம்மாவும் அவன் அம்மாவும் விடியக்காலையில மரம் வெட்டப் போயிருவாங்க. ஆயாக் கொட்டாய்ல ஒரே தூளியில கெடந்தவங்க நாங்க. அவன் கெட்டுப்போயிட்டான். எனக்குத் தெரியாதா? எத்தனையோ தடவ சண்ட போட்டிருக்கேன். ஆனா அவன் செத்தா தூக்கத்தான் செய்வேன். கொடி கத வந்ததால இப்ப நான் நல்லவனாயிட்டேன். அது இல்லன்னா?"

கோர்ட்டில் எத்தனையோ கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொன்னவன் மதீசன். இதற்குச் சொல்வதானால் உண்மையைச் சொல்ல வேண்டும். கொடி இல்லாவிட்டால் இன்னும் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

"ஒண்ணே ஒண்ணு" என்றான் பவித்ரன். "அப்பாவுக்குத் தெரிய வேணாம். தோட்டத்துலயும் பேச்சு வாங்கினாரு, டவுனுக்கு வந்தும் வாங்கினாரு. இன்னைக்குப் போய் அந்தச் சுண்ணாம்பு அடிச்ச வீட்டப் பார்த்துக்கிட்டு அவர் நிம்மதியா தூங்கணும். பெரியப்பா செத்ததாவே இருக்கட்டும்."

பதில் சொல்வதற்குள் ராமையாவும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். சரோஜாதேவி நிலைப்படி வரை வந்தார். அவர் பக்கத்தில் ரஜிதா, காலையில் கட்டிய அதே புடவையில், முகம் வீங்கி நின்றாள்.

"கருமாதி உங்களுக்குப் பதினாறா, முப்பதாம்மா?" ராமையா கேட்டார்.

"முப்பத்தொண்டு" என்றார் சரோஜாதேவி, தரையைப் பார்த்தபடி.

"அன்னிக்கு எல்லாரும் வந்துடறோம். அது முடியட்டும், பிறகு பொன்ன உருக்கிக்கலாம். பொன்னு எங்க ஓடிடப் போகுது" என்று சொன்னார் ராமையா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார். மற்ற மூவரும் அப்படியே. துக்க வீட்டிலிருந்து வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. தோட்டத்திலும் அதுதான் முறை, யாழ்ப்பாணத்தாரிடமும் அதுதான் முறை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மழை தூறத் தொடங்கியது. பவித்ரன் வேனில் ஏறினான்.

அவன் கிளம்புகிற அழகை ரஜிதா எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். வாரேன் மச்சான் என்பான், கேட் வரை போய்த் திரும்பி வந்து வாரேன் ரஜி என்பான், வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம் சொல்வான். "இந்தப் பொடியன் போறதுக்கு ஒரு நாள் வேணும்" என்று சரோஜாதேவி முணுமுணுப்பார்.

ரஜிதா மழையில் இறங்கிக் கேட்டருகே வந்து நின்றாள். பவித்ரன் அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கண்ணாடி இறங்கவில்லை. வேன் மெல்ல நகர்ந்து தெரு முனையில் திரும்பியது.

ராமையாவுக்கு அந்த வீட்டில் சாவு விழுந்திருந்தது, அதனால் சொல்லாமல் போனார். பவித்ரனுக்கு அங்கே யாரும் சாகவில்லை என்று தெரியும். அவனும் சொல்லாமல்தான் போனான்.